கற்பூரவல்லி குழந்தைக்கா, அம்மாவுக்கா?

கேள்வி: என் பெண்ணுக்கு எட்டு மாதம். இரண்டு வாரமாக மூக்கு ஒழுகுகிறது, ராத்திரியில் நெஞ்சில் கர்கர் என்று சத்தம். மாமியார் கற்பூரவல்லி இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிந்து, தேன் கலந்து காலையும் மாலையும் புகட்டுகிறார். ஒரு தடவை பிழிந்ததை ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாள் வரை கொடுக்கிறோம். நெஞ்சில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயும் தடவுகிறார். குழந்தை மருத்துவர் "இலை கிலை எதுவும் கொடுக்கக் கூடாது" என்று சத்தம் போட்டார். மாமியாரோ "என் மூணு பிள்ளைங்களும் இதுலதான் வளர்ந்தது" என்கிறார். நடுவில் நான். மூத்தவனுக்கு ஐந்து வயது, அவனுக்காவது கொடுக்கலாமா? நர்சரியில் வாங்கிய செடியும் பக்கத்து வீட்டுச் செடியும் வேறு மாதிரி இருக்கின்றன, எது சரியானது? கணவருக்குச் சிறுநீரகத்தில் கல் இருக்கிறது. அதற்கும் இந்த இலை நல்லது என்கிறார்களே?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இன்று ராத்திரிக்கு என்ன செய்வது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், செடியின் கதையை அப்புறம் பேசலாம். தேனை நிறுத்துங்கள். கற்பூர எண்ணெயை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜில் இருக்கும் சாற்றைக் கீழே ஊற்றுங்கள். குழந்தை தூங்கும்போது சட்டையை மேலே ஏற்றிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், கைக்குழந்தைகள் ஒரே சீராக மூச்சு விடுவதில்லை. எட்டு மாதக் குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் வந்தால், மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், பால் குடிக்க முடியாமல் திணறினால், உதடு நீலம் பாரித்தால், விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இது எதுவும் இல்லையென்றாலும், இரண்டு வாரம் ஆகியும் நெஞ்சில் சத்தம் இருப்பதால் நாளைக்கு அதே மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். சத்தம் போட்டார் என்பதற்காக ஆளை மாற்ற வேண்டாம். முக்கியமாக, இதுவரை கொடுத்ததையெல்லாம் ஒளிக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

நான் சித்த மருத்துவம் படித்தவள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், சோப்புத் தண்ணீர் தெறித்தாலும் சாகாமல் ஒரு கற்பூரவல்லிப் புதர் இருந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குப் பயம் வந்தது இலையைப் பார்த்து இல்லை, அதோடு சேர்ந்து வந்தவற்றைப் பார்த்துத்தான்.

தேன் முதலாவது. ஒரு வயது முடியாத குழந்தைக்கு ஒரு சொட்டுத் தேன்கூடக் கூடாது. நாக்கில் தடவுவது, சேனை வைப்பது எல்லாம் இதில் அடக்கம். தேனில் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம். நம் வயிற்றில் அவை முளைக்காது. கைக்குழந்தையின் குடல் இன்னும் பக்குவப்படாததால் அங்கே முளைத்து, தசைகளைத் தளர்த்தும் நஞ்சைச் சுரக்கும். சுத்தமான மலைத்தேன், சொந்தக் கூட்டில் எடுத்தது என்பதெல்லாம் இதற்குப் பதில் ஆகாது. தேனைக் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. இதுவரை கொடுத்துவிட்டோமே என்று பதற வேண்டாம், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களுக்கு ஒரு கண் வைத்திருங்கள். மலம் கட்டிக்கொள்வது, அழுகைச் சத்தம் ஈனமாவது, பால் இழுக்கும் வேகம் குறைவது, கண் இமை தொங்குவது, கழுத்து தொய்வது, இவற்றில் எது தெரிந்தாலும் "தேன் கொடுத்தோம்" என்ற தகவலோடு ஓடுங்கள்.

அடுத்தது கற்பூர எண்ணெய். பெயர்தான் இங்கே ஏமாற்றுகிறது. கற்பூரவல்லியின் மணத்துக்குக் காரணம் முக்கியமாக கார்வக்ரால், தைமால் என்ற இரண்டு பொருள்கள். ஓமத்தில் இருக்கும் அதே தைமால்தான். ஓமவல்லி என்ற பெயரே இந்தச் செடிக்குச் சரியாகப் பொருந்துகிறது. இத்தனைக்கும் ஓமம் கொத்தமல்லி, சீரகத்தின் சொந்தக்காரன். கற்பூரவல்லி துளசி, புதினாவின் பங்காளி. சாமிக்கு ஏற்றும் சூடம் முற்றிலும் வேறு சரக்கு. அது குழந்தையின் மெல்லிய தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். கொஞ்சம் வாய்க்குள் போனால்கூட வலிப்பு வரலாம். நெஞ்சில் தடவியதைக் கையால் துழாவி அந்தக் கையை வாயில் வைப்பதுதானே எட்டு மாதக் குழந்தையின் முழுநேர வேலை? பச்சைக் கற்பூரமும் வேண்டாம். குளிர் காலத்துக்கு வெறும் தேங்காய் எண்ணெயைக் கை சூட்டில் தேய்த்துத் தடவுங்கள், போதும்.

ஃபிரிட்ஜ் சாற்றைப் பற்றி உங்கள் மாமியாரிடம் நான் சொல்ல விரும்புவது எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. சித்த மருத்துவத்தில் உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து வகைகள் 32. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் குறித்திருக்கிறார்கள். பற்பம், செந்தூரம் போன்ற புடம் போட்ட பொடி மருந்துகள் எல்லாம் வருஷக்கணக்கில் நிற்கும். சாறு, குடிநீர் (கஷாயம்), கற்கம் (அரைத்த விழுது) ஆகியவற்றுக்கு ஒரே ஒரு சாமம்தான், அதாவது மூன்று மணி நேரம். மூன்று நாள் சாறு என்பது பாட்டி வைத்தியமே இல்லை. எந்தப் பாட்டியும் அப்படிச் செய்ததில்லை, அவர்களிடம் ஃபிரிட்ஜ் கிடையாது. வேண்டும்போது பின்கட்டுக்குப் போய் இலை கிள்ளினார்கள்.

சரி, தேன் இல்லாமல், கற்பூரம் இல்லாமல், புதுசாகப் பிழிந்த சாறாக இருந்தால் எட்டு மாதத்துக்குக் கொடுக்கலாமா? கொடுக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஒரு இலையை நீங்களே பச்சையாக மென்று பாருங்கள். முதலில் தண்ணீராக இருக்கும், பிறகு நாக்கு சுரீர் என்று காந்தும், கடைசியில் லேசாக மரத்துப்போகும். எங்கள் கணக்கில் இதன் சுவை கார்ப்பு, வீரியம் வெப்பம். வாட்டினால் காரல் தணியும், முழுக்கப் போகாது. அந்தக் காரம் தொண்டையில் பட்டதும் குழந்தை குமட்டி வாந்தி எடுக்கும்; அதோடு கொஞ்சம் கோழையும் வரும். "பார், சளி வெளிய வந்துடுச்சு" என்று வீடே சந்தோஷப்படும். என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது நானும் அப்படிச் சந்தோஷப்பட்டவள்தான், ஒரு நாள் பாலாடையில் புகட்டியது புரையேறி அவன் முகம் சிவந்து மூச்சு முட்டும் வரைக்கும். அரை நிமிடம்தான் இருக்கும். அந்த அரை நிமிடத்துக்குப் பிறகு ஒரு வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் இந்தச் சாற்றை நான் எழுதிக் கொடுத்ததில்லை.

கார்வக்ராலும் தைமாலும் ஆய்வகத்தில் பல கிருமிகளை மடக்குகின்றன, அது உண்மை. ஆனால் ஆய்வகத் தட்டில் கிருமி சாவதும் ஒரு குழந்தையின் நெஞ்சில் சளி கரைவதும் ஒன்றில்லை. பிள்ளைகளுக்கு வரும் சாதாரண சளி பெரும்பாலும் வைரஸால் வருவது, ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே தணியும். வருஷத்துக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது இந்த வயதில் சகஜம். உங்கள் மாமியாரின் மூன்று பிள்ளைகளும் தேறியதில் இலைக்குப் பங்கு இருக்கலாம். நாள் கணக்குக்கும் பங்கு உண்டு. கடையில் விற்கும் இருமல் சிரப்பும் கைக்குழந்தைக்கு மாற்று இல்லை. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குச் சளி, இருமல் மருந்துகளை எழுதவே வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது. இந்த வயதுக்குத் தாய்ப்பால், மூக்கில் விடும் உப்புநீர்ச் சொட்டு, தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தித் தோளில் சாய்த்து வைத்துக்கொள்வது, இவைதான் மருந்து. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆவி பிடிக்க வேண்டாம். வெந்நீர் கொட்டி வெந்துபோன குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியென்றால் மாமியார் கிள்ளிக்கொண்டு வரும் இலையை என்ன செய்வது? நீங்கள் சாப்பிடுங்கள். நான் மழுப்பவில்லை. பால்குடிப் பிள்ளைக்குச் சளி என்றால் தாய்க்குப் பத்தியம் வைப்பது நம் வழக்கம்தான். இந்தோனேசியாவின் வட சுமத்ராவில் பத்தாக் இனத்துப் பெண்களுக்குப் பிரசவம் ஆனதும் இதே இலையைக் கீரை போலப் போட்டுச் சூப் வைத்து, ஒரு மாதம் வரை கொடுக்கிறார்கள், பால் ஊறுவதற்கென்று. அவர்கள் இதை தோர்பாங்குன் என்கிறார்கள். தாவரவியல் பெயரில் இருக்கும் 'அம்பாய்னிகஸ்' என்ற சொல்கூட அந்த நாட்டின் அம்போன் தீவைக் குறிப்பதுதான். பெயர் வைத்தவர் 1790இல் லூரெய்ரோ என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார். செடி என்னவோ ஆப்பிரிக்காவின் கிழக்கு, தெற்குப் பகுதிகளில் தானாக வளர்வது.

மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அத்தை, பாப்பாவுக்கு வேண்டாமாம். எனக்கு ரசம் வெச்சுக் கொடுங்க." அவருக்கு ஒரு வேலை இருக்கும், உங்களுக்கு ஒரு வேளை சாப்பாடு. ரசத்துக்கு நெல்லிக்காய் அளவு புளி போதும், இலையே கொஞ்சம் காரமாக இருப்பதால் மிளகைக் குறைத்துக்கொள்ளலாம். மிளகு, சீரகம், நாலு பல் பூண்டு மூன்றையும் அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்ட வேண்டும். மிக்ஸியில் போட்டால் பூண்டு பசையாகி ரசம் கலங்கும். பருப்புத் தண்ணீர் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டி மேலே எழும்பும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் இலை. ஐந்தாறு இலையைக் கையால் பிய்த்துப் போட்டு உடனே மூடி, பத்து நிமிடம் திறக்காதீர்கள். இதன் மணம் முழுக்க ஆவியாகும் எண்ணெயில் இருக்கிறது. இலையைப் போட்டுக் கொதிக்கவிட்டால் அடுப்படி மணக்கும், ரசம் மணக்காது. தாளிப்பில் பெருங்காயத்தையும் ஒரு சிட்டிகையோடு நிறுத்துங்கள், இரண்டும் மல்லுக்கட்டும்.

ரசம் அலுத்தால் துவையல். இலையை எண்ணெயில் வதக்கும்போது கவனித்திருப்பீர்கள், ஒரு கை நிறைய போட்டது ஒரு கரண்டி அளவுக்குச் சுருங்கி, பச்சை நிறம் போய் சேற்று நிறமாகிவிடும். அது கெட்டுப்போகவில்லை, நீர் வற்றியிருக்கிறது. உளுந்து, வரமிளகாய், தேங்காய், புளி சேர்த்து அரைத்தால் அந்தக் காரல் தேங்காய்க்குள் அடங்கிவிடும். கன்னடக்காரர்கள் இதைத் தொட்டபத்ரெ என்பார்கள், பெரிய இலை என்று பொருள். வதக்கி, தேங்காய் சீரகத்தோடு அரைத்து மோரில் கலந்து தம்புளி செய்வார்கள். சூடான சோற்றுக்கு அதற்கு இணை இல்லை. எனக்கு ரசத்தைவிட அதுதான் பிடிக்கும்.

மூத்தவனுக்குக் கொடுக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சாதாரண மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு என்றால் இரண்டு இலையை ஒரு டம்ளர் தண்ணீரில் மூடி போட்டுக் காய்ச்சி, பாதியானதும் வடிகட்டி, பனங்கற்கண்டோ தேனோ (அவனுக்குத் தேன் ஆகும்) சேர்த்து, கால் டம்ளர் அளவில் காலையும் மாலையும் மூன்று நாள். மூன்று நாளில் குறையவில்லை, காய்ச்சல் சேர்ந்துவிட்டது, மூச்சில் விசில் சத்தம் வருகிறது என்றால் கஷாயத்தோடு மல்லாட வேண்டாம், காட்டிவிடுங்கள். அவனுக்கு வீசிங் இருந்து இன்ஹேலர் எழுதியிருந்தால், இலை கொடுக்கிறோம் என்று அதை நிறுத்தக் கூடாது. கஷாயம் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் பஜ்ஜி போட்டுக் கொடுங்கள். கடலை மாவில் கொஞ்சம் அரிசி மாவு, இலையை நன்றாகத் துடைத்து ஈரமில்லாமல் முக்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் தெறிக்கும். மாவில் ஓமம் போட வேண்டாம், இலையே அந்த வேலையைச் செய்துவிடும். சளிக்குப் பஜ்ஜி மருந்தா என்று கேட்காதீர்கள். இல்லை. ஆனால் பையன் அந்த இலையோடு சிநேகம் ஆவான்.

நெற்றியில் பற்றுப் போடுவது, வாட்டிய இலையை உச்சியில் வைப்பது இரண்டும் நம் பக்கமும் கேரளத்திலும் உண்டு. பெரியவர்களுக்குத் தலைபாரத்துக்குச் செய்யலாம். எட்டு மாதக் குழந்தையின் உச்சிக்குழி இன்னும் மூடியிருக்காது, தோலும் எளிதில் கன்றிப்போகும். அங்கே சூடான இலை வேண்டாம்.

இனி அந்த இரண்டு செடிகள். பெயரில் ஏற்கெனவே குழப்பம் இருக்கிறது. கற்பூரவல்லி என்று ஒரு வாழைப்பழமும் இருக்கிறதல்லவா, ஒரு முறை போனில் "கற்பூரவல்லி கொடுங்க" என்று நான் சொல்லப்போக, சளி பிடித்த பிள்ளைக்கு அந்த வீட்டில் மூன்று நாள் பழமாகக் கொடுத்திருந்தார்கள். பழத்தால் மோசமில்லை. இலை மாறினால்தான் மோசம். கற்பூரவல்லி இலையைக் காம்போடு கிள்ளிக் கையில் வைத்துப் பாருங்கள்: தடிப்பாக இருக்கும், வெல்வெட் துணி மாதிரி இரண்டு பக்கமும் பூனைமயிர், ஓரத்தில் வளைவு வளைவாகப் பற்கள், மடித்தால் வதங்காமல் படக்கென்று ஒடியும். தண்டில் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இலைகள். கசக்கி முகர்ந்தால் ஓம வாசனை மூக்கில் ஏறும்.

நர்சரியில் இதற்குப் பதிலாகக் கொடுப்பது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒன்று 'விக்ஸ் செடி'. அதுவும் இதே குடும்பம்தான், இலை சின்னது, உருண்டையானது, தொட்டாலே தைல வாசனை அடிக்கும், ஓம வாசனை வராது. அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், சமையலுக்கு வேண்டாம். இன்னொன்று ரணகள்ளி. அதன் இலையும் தடிப்பு, ஓரமும் வளைவுதான். ஆனால் வழவழப்பாக, மயிரில்லாமல், கசக்கினால் எந்த மணமும் இல்லாமல் இருக்கும். இலையின் ஓரத்திலேயே குட்டிச் செடிகள் முளைக்கும். அதில் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய பொருள்கள் இருக்கின்றன. அதைப் பிழிந்து பிள்ளைக்குக் கொடுத்துவிடக் கூடாது. இலையில் வெள்ளை ஓரம் மட்டும் இருந்து மற்ற அடையாளமெல்லாம் பொருந்தினால் பயப்பட வேண்டாம், அது கற்பூரவல்லியிலேயே ஒரு ரகம்.

கணவரின் சிறுநீரகக் கல் விஷயமும் இந்தப் பெயர்க் குழப்பத்தில் பிறந்ததுதான் என்பது என் எண்ணம். ஆயுர்வேதத்தில் கல்லைக் கரைக்கும் மூலிகையைப் பாஷாணபேதம் என்பார்கள். ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு செடியை அந்தப் பெயரில் காட்டுகிறார்கள். கற்பூரவல்லியும் அதில் ஒன்று, ரணகள்ளியும் ஒன்று. இமயமலைப் பக்கம் பாறையிடுக்கில் வளரும் வேறொரு செடியின் வேர்த்தண்டுதான் அந்தப் பெயருக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட சரக்கு. யூடியூபைப் பார்த்து தினம் பத்து இலை மெல்ல வேண்டாம். ஸ்கேனில் கல் எத்தனை மில்லிமீட்டர், எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் சொல்ல முடியும். அதுவரை சிறுநீர் வெளுத்துப் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். வலியோடு குளிர்காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சோதித்துப் பார்த்ததில் பக்கத்து வீட்டுச் செடிதான் அசல் என்று தெரிந்தால், அவர்களிடம் கேட்டு ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கிளையை ஒடித்து வாருங்கள். அடியிலைகளைக் கிள்ளிவிட்டு ஈர மண்ணில் ஊன்றினால் பத்துப் பதினைந்து நாளில் வேர் பிடித்துவிடும், விதைக்கு அலைய வேண்டாம். அரை நிழல் போதும். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர், தினமும் ஊற்றினால் தண்டு அழுகும். நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் புதர் கட்டும். நர்சரிச் செடியே அசலாக இருந்தாலும் முதல் மாதம் அந்த இலையைச் சமைக்காதீர்கள். பூச்சி மருந்து அடித்திருப்பார்கள். இருக்கிற இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் புதுத் துளிர் வந்த பிறகு எடுங்கள்.